யார் வீட்டு எண்?

எனக்குக் கணக்கு பிடித்ததே இல்லை. கணக்கு டீச்சராகச் சம்பளம் வாங்கிக்கொண்டு இப்படிச் சொல்லக் கூடாதுதான். பிளஸ் டூவில் நல்ல மார்க் வந்தது, கல்லூரியில் கணிதம் கிடைத்தது, பி.எட். முடித்துவிட்டால் வேலை நிச்சயம் என்று வீட்டில் சொன்னார்கள். வேலையும் வந்தது. பிடித்தம் வரவில்லை. குறிப்பாக இயற்கணிதம். எக்ஸ் இருக்கிற இடத்தில் கொடுத்த எண்ணை வை, அடைப்பை நீக்கு, பெருக்கு, கூட்டு, விடைக்கு அடியில் இரண்டு கோடு போடு. அந்த எக்ஸ் யார், எதற்காக அங்கே நிற்கிறது என்று நான் கேட்டதில்லை. என்னையும் யாரும் கேட்டதில்லை. ஒன்றையும் கேட்காமலே நூற்றுக்கு நூறு வாங்கிவிடக்கூடிய பாடம் அது. நான் வாங்கினேன்.

அந்த நூற்றோடுதான் எளாவூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தேன். சென்னையிலிருந்து சூளூர்பேட்டை போகிற புறநகர் ரயிலில் கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த நிலையம். நெடுஞ்சாலையில் சோதனைச்சாவடியும் லாரிகளின் வரிசையும். கிழக்கே இறங்கினால் இறால் பண்ணைகள், உப்புப் பூத்த மண், அதற்கப்பால் பழவேற்காடு ஏரி. ஏரி என்று சொல்கிறோமே தவிர, முகத்துவாரம் வழியாகக் கடலோடு சேர்ந்த காயல் அது. இந்தியாவில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது. பெரும்பகுதி ஆந்திராவில், தென்கோடி மட்டும் நம்மிடம். ஆரணி ஆறும் காளங்கியும் தண்ணீர் கொண்டுவரும் மாதங்களில் ஒரு உப்பு, வெயில் காலத்தில் வேறு உப்பு. பரப்பே பருவத்துக்குப் பருவம் வேறு. மாறி, மாறிலி என்று கரும்பலகையில் எழுதும்போது இந்த ஏரி என் நினைவுக்கே வராது. அப்போது நான் செங்கல்பட்டுப் பக்கத்து உள்நாட்டுக்காரி. மீனைக் கடையில் மட்டும் பார்த்தவள்.

பிள்ளைகள் பாதிப் பேருக்கு வீட்டில் தெலுங்கும் உண்டு. அப்பாவை நைனா என்பார்கள், பாட்டியை ஆயா என்பார்கள். ஏழாம் வகுப்பில் முதல் வாரமே ஒரு பையன் என்னை நிறுத்தினான். 2எக்ஸ் + 5; எக்ஸ் = 3 என்றால் மதிப்பு என்ன? அவன் விடை 28. இருபத்துமூன்றோடு ஐந்தைக் கூட்டியிருந்தான்.

“எக்ஸை எடுத்துட்டு அந்த எடத்துல 3 வைன்னுதானே சொன்னீங்க டீச்சர்?”

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். எக்ஸை எடுத்தான், 3-ஐ வைத்தான், 2-க்குப் பக்கத்தில் 3 வந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து அதை நாம் இருபத்துமூன்று என்றுதான் படிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அவன் அந்த வரியைப் படித்தவிதம்தான் நியாயம். யோசித்துப் பார்த்தால் கணக்குப் புத்தகம் இந்த விஷயத்தில் ரொம்பவே அடாவடி. 2-க்குப் பக்கத்தில் 3 நின்றால் இருபதும் மூன்றும். 2-க்குப் பக்கத்தில் அரை நின்றால் இரண்டும் அரையும், அதாவது கூட்டல். 2-க்குப் பக்கத்தில் எக்ஸ் நின்றால் மட்டும் பெருக்கல். பக்கத்தில் நிற்பதற்கு மூன்று அர்த்தம். எந்த வகுப்பில் எந்த நாளில் அர்த்தம் மாறியது என்று யாரும் பிள்ளைகளிடம் அறிவித்ததில்லை. கெட்டிக்காரர்கள் ஊகித்துக்கொள்வார்கள். நானும் ஊகித்தவள்தான்.

அதனால் ஒரு சட்டம் போட்டேன். எழுத்தின் இடத்துக்கு வருகிற எண் எப்போதும் அடைப்புக்குறியோடுதான் வர வேண்டும். 2(3) + 5. இப்போது யாரும் இருபத்துமூன்று என்று படிக்க முடியாது. இந்தச் சட்டம் பெரிய பயன் தந்தது மைனஸ் எண்களில். எக்ஸ் வர்க்கத்தில் எக்ஸ் = −3 என்று போடச் சொன்னால் −3² என்று எழுதி −9 என்பார்கள். (−3)² என்று எழுதினால் மைனஸும் சேர்ந்து வர்க்கமாகிறது, 9 வருகிறது. தவறுகள் குறைந்தன. ஆனால் முகங்கள் மட்டும் மாறவில்லை. எனக்கு அந்த முகம் தெரியும், நான் படித்தபோது எனக்கிருந்த முகம். கொடுத்த வேலையைச் சரியாகச் செய்கிற முகம்.

அது மாறியது இறாலால்.

மதிய உணவு நேரத்தில் ஒரு சிறுமி, அவள் அம்மா இறால் தரம் பிரிக்கிற வேலைக்குப் போகிறவர், “நேத்து எல்லாம் 60 கவுண்ட்டா வந்துச்சாம்” என்று தோழியிடம் அலுத்துக்கொண்டிருந்தாள். நல்ல பெரிய இறாலாக்கும் என்று நான் சொல்லப்போக, இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். “ஐயோ டீச்சர், கவுண்ட் ஏற ஏற இறால் சிறுசு.” ஒரு கிலோவில் எத்தனை இறால் நிற்கிறது என்பதுதான் கவுண்ட். 30 கவுண்ட் பெரிசு, 100 கவுண்ட் பொடிசு. பண்ணையில் விலை பேசுவதும் கவுண்ட்டைச் சொல்லித்தான்.

மறுநாள் கரும்பலகையில் 1000 ÷ க என்று எழுதினேன். க என்றால் கவுண்ட். விடை, ஒரு இறாலின் எடை, கிராமில். க = 100 என்றால் 10 கிராம். க = 50 என்றால் 20. க = 40 என்றால் 25. க = 30 என்றால் 33-க்குக் கொஞ்சம் மேலே. யாரும் சொல்லாமலே அடைப்புக்குறி போட்டுக்கொண்டார்கள். 90-லிருந்து 100-க்குப் போனால் ஒரு இறாலுக்கு ஒரு கிராம் சொச்சம்தான் குறைகிறது, 30-லிருந்து 40-க்குப் போனால் எட்டு கிராமுக்கு மேல் குறைகிறது என்பதை ஒரு பையன் கண்டுபிடித்துவிட்டு, “அதான் பெரிய இறால்ல பத்து கவுண்ட் போச்சுன்னா பண்ணைக்காரரு அப்படிக் கத்துறாரா” என்றான். தலைகீழ் விகிதத்தின் வளைவரையை அவன் இன்னும் இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் புத்தகத்தில் பார்ப்பான்.

க = 0 போடலாமா என்று கேட்டேன். பூஜ்ஜியத்தால் வகுக்கக் கூடாது என்று நான் படித்த காலத்தில் எனக்குச் சொன்னார்கள், திருடக் கூடாது என்று சொல்கிற அதே குரலில். காரணம் தெரியாது. இவர்களுக்கு அது கேள்வியாகவே படவில்லை. “இறாலே இல்லன்னா கிலோ எங்கேருந்து டீச்சர் வரும்?” அவ்வளவுதான். க = 1 போட்டால்? கணக்கு 1000 கிராம் என்று தயங்காமல் சொல்லிவிடுகிறது. ஒரு கிலோ எடையுள்ள ஒற்றை இறாலை ஏரி தராது என்று வகுப்பே கூச்சலிட்டது. அரைகுறை எண் போடலாமா, 40.67? முதலில் முடியாது என்றார்கள், அரை இறாலை யார் எண்ணுவது? அப்புறம் அம்மாவின் வேலையைப் பார்த்திருந்த சிறுமி திருத்தினாள். ஒரே ஒரு கிலோவை எண்ணி முடிவு செய்ய மாட்டார்களாம். குவியலில் அங்கங்கே எடுத்து எண்ணிச் சராசரி போடுவார்களாம். 41, 42, 39 என்று வந்தால் சராசரி 40.67. ஆக, போடலாம்.

ஒரு எழுத்துக்குள் எந்த எண் போகலாம், எது போகக் கூடாது என்பதை எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, அது எதற்காக நிற்கிறது என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். கல்லூரியில் இதற்குச் சார்பகம் என்று பெயர் சொல்லி வரையறை எழுதியிருக்கிறேன். அந்த வரையறைக்கும் இறாலுக்கும் தொடர்பு உண்டு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் பிடிக்கவும் ஆரம்பித்தது.

பிடித்துவிட்டதால் பேராசை. அடுத்துப் பங்குக் கணக்கை எடுத்தேன். படகில் போய் வந்தால், விற்ற பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, மிச்சத்தைப் பங்கு போடுவார்கள். ஆளுக்கு ஒரு பங்கு, படகுக்கு, வலைக்கு என்று தனிப் பங்கு. எத்தனை பங்கு என்பது ஊருக்கு ஊர், படகுக்குப் படகு வேறு. நாங்கள் படகுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டோம். விற்ற பணம் வ, செலவு செ, ஆட்கள் ஆ. ஒரு பங்கு = (வ − செ) ÷ (ஆ + 2). வ = 12,600, செ = 3,600, ஆ = 4 என்றால் 9,000-ஐ ஆறால் வகுத்து 1,500 ரூபாய். இதை எழுதி முடித்துவிட்டு, இனி அவரவர் எண்ணைப் போட்டுப் பாருங்கள் என்றேன்.

ஒருவன் எழுந்து, “எங்க வீட்டு நம்பரை வெளிய சொல்லணுமா டீச்சர்?” என்று கேட்டான். பயந்து கேட்டான் என்று சொல்ல முடியாது. விவரமாகத்தான் கேட்டான். அவன் பெஞ்சிலேயே படகுக்காரர் பிள்ளையும் உண்டு, கூலிக்குப் போகிறவர் பிள்ளையும் உண்டு, ஒரே படகில் போகிற இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. வேண்டாம், நோட்டின் கடைசிப் பக்கத்தில் போடு, எனக்கும் காட்ட வேண்டாம் என்றேன். சொன்ன பிறகுதான் வ என்ற எழுத்து எதற்கு இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

வ என்று எழுதியிருக்கும்வரை அது எல்லார் வீட்டுப் பணமும். அதை வைத்துக்கொண்டு வகுப்பு முழுக்கச் சண்டை போடலாம். வலைக்கு ஒரு பங்கு நியாயமா, ஆட்கள் கூடினால் பங்கு எப்படிச் சுருங்கும், டீசல் விலை ஏறினால் யாருக்கு இடி. யார் வீட்டு வறுமையும் அம்பலமாகாது. எண்ணைப் போட்ட நிமிடம் அது ஒரு வீட்டின் கதையாகிவிடும். எழுத்தும் எண்ணும் கோத்த இந்தக் கோவை ஊர்ப் பொது. மதிப்பு அவரவருக்கு. இதைத்தான் நான் பல வருடம் வெறும் கைவேலையாகச் செய்துகொண்டிருந்தேன்.

தெரியாத எண்ணுக்கு ஒரு குறி வைப்பது நம் நாட்டில் மிகப் பழசு. பிரம்மகுப்தர் காலத்திலேயே நிறங்களின் பெயரைச் சொல்லித் தெரியாதவற்றைக் குறித்தார்கள். தெரிந்த எண்ணையும் எழுத்தாலேயே எழுதிவிடலாம் என்ற முறையை நிலைநாட்டியவர் பிரான்ஸின் வியட்டா. 1591-இல் வெளியான நூலில். அதற்குப் பின்தான் ஒரு கணக்கைத் தீர்த்தால் அந்த வகைக் கணக்கு எல்லாவற்றையும் தீர்த்ததாக ஆயிற்று. அவர் தொழிலால் வழக்கறிஞர். அரசருக்காக எதிரிகளின் ரகசியக் கடிதங்களை உடைத்துப் படித்துக்கொடுத்தவரும்கூட. எண்களை எழுத்துக்குப் பின்னால் மறைக்கக் கற்றுக்கொடுத்தவருக்கு இதுதான் உபதொழில் என்பது எனக்கு இன்றும் வேடிக்கையாக இருக்கிறது.

பங்குக் கணக்கு அதோடு நிற்கவில்லை. மீன் படாத நாளில் என்ன ஆகும்? வ = 1,400, செ = 2,000, ஆ = 4. கோவை −100 என்கிறது. ஆளுக்கு நூறு ரூபாய் கையிலிருந்து கொடுக்க வேண்டுமா? “நைனா ஏன் டீச்சர் குடுக்கணும்? படகுக்காரரு எழுதி வெச்சுக்குவாரு, அடுத்த வாட்டி கழிச்சுக்குவாரு.” சரி, அப்படியானால் நம் கோவை தப்பு. பழைய பாக்கிக்கு ஒரு எழுத்து வேண்டும். பா என்று சேர்த்தோம்: (வ − செ − பா) ÷ (ஆ + 2). மறுநாள் வ = 9,600, செ = 3,000 என்று வைத்தோம். பாக்கி இல்லாவிட்டால் பங்கு 1,100. நேற்றைய பாக்கி 600-ஐக் கழித்தால் 1,000. அதாவது நேற்று யாரும் கொடுக்காத அந்த நூறு இன்று தானாகக் குறைந்துவிட்டது. பொருளே இல்லாத விடை என்று நாங்கள் ஒதுக்கிய −100 ஒரு நாள் தள்ளி வந்து நின்றது.

நானே இதை எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகள் இன்னும் ஒரு படி போனார்கள். நேற்று வந்தவர் இன்று வரவில்லை, அவருக்குப் பதில் புது ஆள் ஏறினார் என்றால்? ஆ அதே 4-தான். கணக்கு மாறாது. ஆனால் வராதவரின் நூறைப் புதியவர் சுமக்கிறார். “புதுசா வந்தவரு பாவம்” என்றார்கள். அப்படியானால் கோவையை எப்படி எழுதுவது என்று அந்தப் பாடவேளை முழுக்க வாதம். முடிவு வரவில்லை. மணி அடித்துவிட்டது.

பாடு முறையைப் பற்றியும் ஒருநாள் பேச்சு வந்தது. பழவேற்காட்டுப் பக்கம் கோட்டைக்குப்பம் போன்ற பட்டினவர் ஊர்களில் இறால் வலை கட்டும் இடங்களைத் தங்களுக்குள் முறை வைத்துச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். சண்டையில்லாமல் தண்ணீரைப் பங்கிடும் ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் பலர் இதைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். நாட்களைக் குடும்பங்களால் வகுத்தால் ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாள் முறை வரும் என்று தெரியும். குடும்பம் பெருகப் பெருக முறை அரிதாகும். கவுண்ட் கணக்கின் அதே வடிவம். ஆனால் பாடு முறையில் பெயர் இல்லாத ஊர்ப் பிள்ளைகளும் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கோவையில் போட எண்ணே இல்லை. பூஜ்ஜியம்கூட இல்லை. இதைக் கரும்பலகையில் எழுதி மேலே கொண்டுபோக எனக்குத் துணிவு போதவில்லை. அழித்துவிட்டு வேறு கணக்குக்குப் போனேன்.

இன்னொரு பையனின் ஆயா எக்ஸ் மாதிரி எழுத்தில்லாமலே எண்ணைப் பிரதியிட்டுக் கணக்குப் போடுகிறவர். வளர்பிறையில் எத்தனையாவது திதியோ அதை இரண்டால் பெருக்கினால், பொழுது சாய்ந்து அத்தனை நாழிகைக்கு நிலா இருக்கும். நாழிகைக்கு 24 நிமிடம், ஆகவே திதிக்கு 48 நிமிடம். பஞ்சமி என்றால் 240 நிமிடம், நான்கு மணி நேரம். இருட்டில் வலை கட்டப் போகிறவர்களுக்குத் தேவையான கணக்கு. தேய்பிறைப் பஞ்சமிக்கும் விடை நான்கு மணிதான், ஆனால் அப்போது அது நிலா எழும்ப ஆகிற நேரம். எண் அதே, சொல்லும் சேதி நேர்மாறு. உண்மையில் நிலவின் தாமதம் தினமும் ஒரே அளவில் இருப்பதில்லை, கணக்கு முன்னே பின்னே போகும். முப்பது திதிக்கு 48 நிமிடம் என்று பெருக்கினால் மிகச் சரியாக 24 மணி நேரம் வருகிறது பாருங்கள், அந்த அழகுக்காகவே எனக்கு அந்தக் கோவை பிடிக்கும்.

ஏரியின் அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பினால் எங்கள் பள்ளித் திடலிலிருந்தே புகைக் கோடு தெரியும். மங்கள்யான் 2013 நவம்பர் 5 அன்று கிளம்பியதும் அங்கிருந்துதான். பிள்ளைகள் அதைப் பற்றிக் கேட்டபோது அதற்கு முன்பு அமெரிக்காவின் நாசா இழந்த ஒரு செவ்வாய்க் கலத்தின் கதையைச் சொன்னேன். 1999 செப்டம்பரில் செவ்வாயை நெருங்கி, திட்டமிட்டதைவிடத் தாழ்வாக இறங்கித் தொலைந்துபோனது. உந்துவிசைக் கணக்கை ஒரு குழுவின் மென்பொருள் பவுண்டு அளவில் கொடுத்தது. வாங்கிய மென்பொருள் அதை நியூட்டன் அளவு என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய நாலரை மடங்கு. எண்ணிலும் பிழையில்லை, கோவையிலும் பிழையில்லை. முன் பெஞ்சிலிருந்து உடனே கேள்வி வந்தது: “கூடைக் கணக்கைக் கிலோன்னு எழுதிட்டாங்களா டீச்சர்?” நாசாவின் விசாரணை அறிக்கையை இதைவிடச் சுருக்க முடியாது.

அதிலிருந்து எங்கள் வகுப்பில் எழுத்தை எழுதினால் பக்கத்திலேயே அது எதை எண்ணுகிறது, எந்த அளவில் எண்ணுகிறது என்று எழுதியாக வேண்டும். பாடத்திட்டத்தில் இல்லாத வழக்கம். தேர்வில் இது செல்லாது. தேர்வு இன்னும் பழையபடிதான், எக்ஸ் = −2 எனில் 3எக்ஸ்² − 4எக்ஸ் + 1-இன் மதிப்பு காண்க. எக்ஸ் யாரென்று அங்கே யாரும் சொல்வதில்லை. அதையும் நான் சொல்லிக்கொடுக்கிறேன், எண்ணை அடைப்பில் போட்டு: 3(4) + 8 + 1 = 21. நான் சம்பளம் வாங்குவது இதற்காகவும்தான்.

சென்ற அரையாண்டுத் தேர்வில் கவுண்ட் சொல்லிக்கொடுத்த சிறுமியின் தங்கை இதே கணக்குக்கு “21 இறால்” என்று விடை எழுதியிருந்தாள். கூப்பிட்டு, எக்ஸ் மைனஸ் இரண்டு ஆயிற்றே, மைனஸ் இரண்டு இறால் எப்படி என்று கேட்டேன். “கடன் வாங்குனது டீச்சர்” என்றாள். அந்தக் கடனை வர்க்கப்படுத்தியிருக்கிறாயே, அது என்ன? சற்று யோசித்தாள். அது தனக்கும் தெரியவில்லை, சும்மா கணக்கில் இருந்தது, போட்டேன் என்றாள். முழு மதிப்பெண் போட்டேன். இறாலின் மேல் மட்டும் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தேன்.